வியாழக்கிழமை லீவுக்காரர்கள்

1

நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாளுக்கென்று எனக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. ஊரில் நீங்கள் மீந்த வட்டிலப்பத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், இங்கே பூனாவில், ஏரவாடாவிலுள்ள என் வீட்டு அலமாரியைத் திறந்து, பதினான்கு பக்க அறிக்கை ஒன்றை எடுத்து வாசிப்பேன். அது இங்கிலீஷில் இருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டினால் பாதி புரியும். புரிகிற பாதி போதும். கோபம் ஆறிவிடாமல் இருக்க அதுதான் மருந்து.

இந்த வருஷம் அதை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கால்பந்து என்றால் தொழுகை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுகிற ஊர் நம் காயல்பட்டினம். உங்களுக்குப் புரியும்.

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு கடை. சேஃப்டி ஷூ, கையுறை, ஹெல்மெட், காதடைப்பான் விற்கிறேன். எனக்குப் பொருத்தமான வியாபாரம். கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறவன் நான். கடைக்கு வந்து வாங்காமல் போகிறவனைப் பார்த்தால்கூட, வியாபாரம் போனதைவிட அவன் கால்விரலை நினைத்துத்தான் கவலைப்படுவேன்.

இந்தக் கடையோடு, பதினோரு வருஷம் ஒரு கால்பந்து கிளப்புக்குச் சம்பளமில்லாமல் ஆள் பிடித்துக் கொடுத்தேன். கிளப் ஹடப்சரில். முதலாளி கட்டடம் கட்டி விற்கிறவர்; இங்கே அப்படிப்பட்டவரை ‘ஷேட்’ என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆளைப் பார்ப்பது, பழைய கிளப்பிலிருந்து விடுதலைக் கடிதம் வாங்குவது, ஆட்டத்தன்று தண்ணீர் நிரப்புவது, எல்லாம் நான். மூன்று வருஷத்துக்கு முன் பெருநாளன்று ஷேட் என் வீட்டுக்கு வந்தார். இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார். என் வீட்டுக்காரி ஜைனப் தூக்குச் சட்டியிலும் கொடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, பத்துப் பேர் முன்னால் சுவரில் அந்த அறிக்கையைப் போட்டுக் காட்டினார். கண்ணால் பார்த்து ஆள் எடுக்கிற காலம் போய்விட்டது, இனி கணக்குப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று அதில் இருந்ததாம்.

“சாச்சா, ஆப் ஜூத்தே பேச்சோ. டீம் கம்ப்யூட்டர் பனாயேகா,” என்றார்.

நீ செருப்பு வில், அணியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பத்துப் பேரும் சிரித்தார்கள். அதில் ஆறு பேர் நான் கொண்டுவந்த ஆட்டக்காரர்கள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில், எழுதியவன் பெயர் இருந்தது. என் மகன் இர்ஃபான்.

2

அறிக்கை தப்பு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். எப்படித் தெரியும் என்றால், ஊரில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். எங்கள் தெரு அணி ஒரு போட்டியில் அரையிறுதிக்கு வந்துவிட்டது. பெரியவர்கள் கூடிப் பேசி, மெட்ராஸிலிருந்து பெயர்பெற்ற ஒரு முன்வரிசை ஆட்டக்காரரைக் கூட்டி வந்தார்கள். ரயிலடியில் மாலை. எங்கள் சொந்த ஆள் ஒருவரை, சவுக்கு விறகுத் தொட்டியில் வேலை பார்க்கிறவர், உட்கார வைத்தார்கள். அன்று மதியம் ஒரு கல்யாண வீட்டில் களறிச் சாப்பாடு. வந்த விருந்தாளியைச் சும்மா விடுவோமா நாம். சகன் தட்டில் கறி ஆனத்தை அள்ளி அள்ளி வைத்தார்கள். அவரும் நல்ல மனுஷன், வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்கு மணலில் இறங்கினார். பத்தாவது நிமிஷத்தில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்கிப் போடுகிறவன். எனக்கு அதுவே நிரந்தர இடம். எந்த அணியிலும் என்னைச் சேர்த்ததில்லை. பின்னாலிருந்து பார்த்தால் ஒரு சௌகரியம். கோல் போடுகிறவன் முகம் எல்லோருக்கும் தெரியும். கோல் வாங்குகிற நேரத்தில் யார் நடந்தான், யார் ஓடினான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அன்று தோற்று வந்து பெரியவர்கள் விருந்தாளியைத் திட்டவில்லை. உட்கார வைத்த ஆளைத் திட்டினார்கள், “நீ முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்ததுலதாமுல ராசி போச்சு” என்று. அடுத்த வருஷம் அவர் எதிர்த் தெருவுக்கு ஆடி எங்களுக்கு மூன்று கோல் போட்டார். மூன்றாவது கோல் விழுந்தபோது நான் தோற்கிற கட்சிக்காரன். இருந்தும் எனக்குள் ஒரு இனிப்பு ஊறியது. பழிவாங்குவது இத்தனை சுத்தமாக நடக்க முடியுமா என்று ஆச்சரியப்பட்டேன்.

3

பூனாவைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் வார விடுமுறை ஞாயிறு இல்லை, வியாழன். மின்சாரத்தைப் பங்கு போட எந்தக் காலத்திலோ வைத்த ஏற்பாடு என்பார்கள். பல கம்பெனிகளில் அது அப்படியே நின்றுவிட்டது. ஊரே வேலை பார்க்கிற ஒரு நாளில் ஆயிரக்கணக்கான ஆட்கள் துணி துவைத்துவிட்டு, போனில் வீட்டோடு பேசிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பார்கள். ரஞ்சன்காவில் கட்டடம் வராத காலி மனைகள் நிறைய. செருப்பைக் கழற்றிக் கோல் வைத்து ஆடுவார்கள். ஜார்கண்ட், மணிப்பூர், ஒடிசா, நம் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள்.

பூனா கிளப்புக்காரர்கள் ஆள் தேடுவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு இவர்கள் லேத்தில் நிற்பார்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார்கள். ஆக, இவர்களை யாரும் பார்த்ததே இல்லை. ஷேட் என்னை விரட்டிய பின் வந்த முதல் வியாழன், கடையை அடைத்துவிட்டு அந்த மனையில் போய் நின்றேன். இரண்டு மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து ஜைனபிடம் சொன்னேன்.

“அவன் கிளப்ப நான் கீழ்ப் பிரிவுக்கு இறக்குவேன்.”

“மொதல்ல சட்டைய மாத்துங்க. முதுகெல்லாம் மண்ணு,” என்றாள்.

ரஞ்சன்காவில் கிரேன் ஓட்டுகிற சந்தோஷ் என்ற மராட்டிக்காரனைக் கூட்டுச் சேர்த்தேன். கம்பெனி கம்பெனியாக எல்லோரையும் அவனுக்குத் தெரியும். கிளப்புக்குப் பெயரும் அவன்தான் வைத்தான்: குருவார் ஸ்போர்ட்டிங். மராட்டியில் குருவார் என்றால் வியாழன்.

ஆள் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். எனக்கு நல்லது கண்ணில் படாது. எதைப் பார்த்தாலும் எங்கே உடையும் என்பதுதான் முதலில் படும். வீட்டில் இதற்காக வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. ஆனால் ஆள் எடுக்க இதைவிட நல்ல கண் கிடையாது. ஒவ்வொருவனிடமும் முதலில் குறையைத்தான் தேடினேன். அந்தக் குறை நம் ஆட்டத்தில் நமக்கு வலிக்குமா என்று பார்த்தேன். வலிக்காது என்றால் எடுத்தேன்.

செல்வம், திருச்செந்தூர்க்காரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், கோல் காப்பான். வயது முப்பத்தாறு, முழங்கால் போய்விட்டதால் பந்தைத் தூர உதைக்க முடியாது. இரண்டு கிளப் அவனைக் கழித்து விட்டிருந்தது. “உதைக்காத, கையால எறி” என்றேன். நடுக்கோடு வரை எறிந்தான். சுக்ரா ஜார்கண்ட்காரன், பட்டறையில் இரும்பு அடிக்கிறவன். இடது கால் சுத்தமாக வராது. இடது கால் தேவைப்படாத இடத்தில் நிறுத்தினேன். நடுவில் ஆட மணிப்பூர்க்காரர் இரண்டு பேர், என் தோளுக்குக் கீழே இருப்பார்கள். குள்ளம் என்று எவனும் எடுக்கவில்லை. நாங்கள் பந்தை உயரத் தூக்குவதே இல்லை, பிறகு உயரம் எதற்கு.

சம்பளம் கொடுக்க என்னிடம் வழியில்லை. ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ். ஆட்டம் முடிந்தபின் ஜைனப் கையால் சாப்பாடு. முடிந்தபின் மட்டும்தான், களறிக் கதையை நான் மறக்கவில்லை. அதைவிடப் பெரியதாக ஒன்று கொடுத்தேன். கடைக்குச் சரக்கு வாங்க வருகிற சூப்பர்வைசர்களிடம் கெஞ்சி, இவர்களுக்கு ஷிஃப்ட் மாற்றி வாங்கித் தந்தேன். ஷிஃப்டில் நிற்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் ஆட்டங்களை லீக்கில் கேட்டு வியாழனில்தான் வாங்கியிருந்தேன், ஆனால் ஆர்டர் நெருக்கினால் கம்பெனிகள் வியாழனிலும் திறந்துவிடும். அப்படித் திறந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பேர், சில இடத்துக்கு மூன்று பேர், வேறு வேறு ஷிஃப்டில் இருப்பவர்களாகப் பார்த்து எடுத்தேன். மொத்தம் இருபத்தேழு பேர். சந்தோஷ் தலையில் அடித்துக்கொண்டான். “சாச்சா, பதினோரு பேருக்கு இத்தனை ஸ்பேர் பார்ட்டா?”

4

அணியை லீக்கில் பதிவு செய்தது ஒரு தனிப் பாடு. இருபத்தேழு பேருக்கும் ஆதார், பிறந்த சான்று, கம்பெனியின் ஆட்சேபணை இல்லாக் கடிதம். நம் ஆளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இன்ஷியலை மட்டும் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது. சுக்ராவின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. அவன் அண்ணனுக்கும் ஜனவரி ஒன்று, அதே வருஷம். இரட்டைப் பிள்ளையா என்று குமாஸ்தா கேட்டார். இல்லை, பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அதே தேதிதான் போட்டார்கள் என்றான் சுக்ரா. கோப்பு ஓரமாகப் போனது.

போதாததற்கு நானும் ஒரு காரியம் செய்தேன். இருபத்தைந்து வருஷமாகியும் என் மராட்டியில் மரியாதை பிசகும். அந்தக் குமாஸ்தா என்னைவிட மூத்தவர். அவரைப் போய் ‘தூ’, அதாவது ‘நீ’, என்றுவிட்டேன். நம்மூரில் தெரியாத பெரிய மனுஷனை ‘ஏல’ என்று கூப்பிட்டது போல. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “உத்யா யா,” என்றார். நாளைக்கு வா. அந்த நாளை வர மூன்று வாரமானது.

இர்ஃபானிடம் கேட்டிருந்தால் ஒரு சாயங்காலத்தில் எல்லாவற்றையும் ஏற்றித் தந்திருப்பான். கேட்கவில்லை. அவன் ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஷேட் கிளப்புக்குக் கணக்குப் போடுவது சாயங்கால வேலை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, பேசினால் நடுவில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அவன் எழுதும் மொழி வாசிக்க வராது. இந்த மூன்று வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சைப் பாதிப் பக்கத்தில் எழுதிவிடலாம். ஒரு தடவை மட்டும் கேட்டான்.

“வாப்பா, அந்த ரிப்போர்ட்ல உங்க பேரே இல்ல. மெத்தட் பத்தித்தான் இருக்கு. ஏன் இவ்ளோ குஸ்ஸா, கோவம்?”

“பேரு போட்டிருந்தா மன்னிச்சிருப்பேன்,” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பதினோரு வருஷம் உழைத்தவனைப் பெயர் சொல்லித் திட்டக்கூட வேண்டாம் என்று நினைத்தார்களே, அதைத்தான் சொன்னேன்.

5

முதல் வருஷம் கீழ்ப் பிரிவில் முதலாவதாக வந்து மேலே ஏறினோம். மேல் பிரிவில் முதல் பருவம், கடைசி ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் மூன்றாம் இடம். எங்களுக்கு மேலே இருந்த இரண்டு கிளப்புக்கும் சொந்த மைதானம், சொந்த பஸ், வெளிநாட்டுப் பயிற்சியாளர். எங்களுக்குச் சந்தோஷின் மாமா ஓட்டுகிற டெம்போ வேன்.

ஷேட்டின் கிளப் கடைசிக்கு ஒரே ஒரு இடம் மேலே. கம்ப்யூட்டர் கோல் போடுகிறவர்களாகப் பார்த்து நான்கு பேரை வாங்கிக் கொடுத்திருந்தது. நான்கு பேரும் கோல் போடுகிறவர்கள்தான். கோல் வாங்கும்போது நான்கு பேரும் நடப்பார்கள்.

கடைசி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும். எங்களுக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றுமே வேண்டியதில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் மூன்றாம் இடம்தான். அவர்கள் ஜெயித்தால் தப்புவார்கள், ஜெயிக்காவிட்டால் கீழே போவார்கள். அல்லாஹ் இப்படி ஒரு அட்டவணையைப் போட்டுத் தருவான் என்று நான் துஆவில்கூடக் கேட்டதில்லை.

ஆட்டத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது லீக் ஆபீசிலிருந்து தகவல். மைதானப் பராமரிப்பாம், ஆட்டம் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாற்றம், மாலை மூன்று மணி. யார் சொல்லி மாற்றினார்கள் என்று நான் எழுத மாட்டேன். மைதானத்தில் யாரும் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய் மூன்று மணி. காலை ஷிஃப்ட் முடிவது மூன்றரை. இரண்டாம் ஷிஃப்ட் தொடங்குவது மூன்றரை. ரஞ்சன்காவிலிருந்து பூனாவுக்கு ஒன்றரை மணி நேரம். யோசித்துத்தான் நேரம் குறித்திருந்தார்கள். ஏழு பேராவது இல்லாமல் அணி இறங்க முடியாது. இறங்காவிட்டால் அவர்களுக்கு ஜெயம்.

சந்தோஷ் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். “கதம், முடிஞ்சுது சாச்சா. ராத்திரி ஷிஃப்ட்காரன்தான் ஃப்ரீ. காலைல ஏழு மணிக்கு வெளிய வருவான். அவனும் தூங்க வேண்டாமா?”

நான் என் பட்டியலை எடுத்தேன். அந்த வாரம் ராத்திரி ஷிஃப்டில் எங்கள் ஆள் எட்டுப் பேர். இன்னும் மூன்று பேர், அதுவும் செல்வமும் சுக்ராவும் அதில் வேண்டும். அவர்கள் இருவரும் காலை ஷிஃப்ட். சந்தோஷ் கம்பெனி கம்பெனியாகப் போனான். ராத்திரி ஷிஃப்டில் இருந்த, பந்தையே பார்த்திராத மூன்று பேர், ஒருவர் பீகார் வெல்டர், இருவர் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். செவ்வாய் பகலில் இவர்கள் இடத்தில் அவர்கள் நின்றார்கள். எதற்காக என்று வெல்டரைக் கேட்டேன்.

“ஏதோ பில்டரோடு உங்களுக்குத் தகராறாமே,” என்றார் இந்தியில். “எனக்கும் ஒரு பில்டரோடு இருந்தது.”

6

செவ்வாய் காலை ஏழேகாலுக்கு வேன் ரஞ்சன்காவில் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஒன்பது மணிக்கு ஏரவாடாவில் என் வீட்டு வாசலில் நின்றது. கிரீஸ் வாடையோடு இறங்கினார்கள். கூடத்தில் ஏழு பேர், உள் அறையில் நான்கு பேர். ஜைனப் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியிருந்தாள். மேல் வீட்டு மாவ்ஷியிடம் போய், ஒரு மணி வரைக்கும் குக்கர் வைக்க வேண்டாம் என்று சொல்லி வந்திருந்தாள். ஏன் என்று மாவ்ஷி கேட்கவில்லை. அன்று அந்த வீட்டில் மதியத்துக்கும் அவல் உப்புமாதான்.

ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், செல்வத்தைத் தவிர.

“அண்ணாச்சி, தூக்கம் வரல.”

“கண்ண மூடுல.”

“மூடுனா ஃபோர்க்லிஃப்ட் ஓடுது.”

“ஓட்டு. எங்கயாவது முட்டிட்டு அப்படியே தூங்கு.”

நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. பாதியில் எவனுக்காவது காய்ச்சல் வந்தால்? வேன் நகர் ரோட்டில் நின்றுவிட்டால்? ஆதார் அட்டை பதினொன்றும் இருக்கிறதா? பையைத் திறந்து எண்ணினேன். திரும்ப எண்ணினேன். உள்ளே போய் ஒவ்வொருவனாகக் குனிந்து பார்த்தேன்.

“மூச்சு விடுதாங்களான்னு எத்தன தடவ பாப்பிய?” ஜைனப் குசுகுசுத்தாள். “யாரும் மவுத்தாகல. தூங்குதாங்க. போய் உக்காருங்க.”

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. இர்ஃபான். ஆபீசில் இருக்க வேண்டியவன், சார்ஜரை மறந்துவிட்டேன் என்று வந்திருக்கிறான். கூடத்தில் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றான். பாயோடு பாயாக ஏழு பேர். சுக்ராவின் முகத்தை அவனுக்குத் தெரியும். எங்கள் ஆட்டங்களின் வீடியோவை ஷேட்டுக்காக அவன்தானே பார்க்கிறான்.

“வாப்பா, இவங்க ஏன் இங்க தூங்குறது?”

“ஆட்டத்துக்கு.”

விரலை நீட்டி எண்ணினான். உள் அறையையும் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

“அங்க எல்லாரும் வாக்-ஓவர்னு நெனச்சிட்டு இருக்காங்க,” என்றான் மெதுவாக. “ஷேட் ஸ்வீட் ஆர்டர் பண்ணிட்டாரு.”

“போய்ச் சொல்லப் போறியா?”

சார்ஜரை எடுத்துக்கொண்டு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். சத்தம் வரக்கூடாது என்று கையில் தூக்கினானா, அவசரமா, தெரியாது. வண்டியைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போய்த்தான் கிளப்பினான். அந்த இரண்டு மணி நேரம் நான் பட்டபாடு என் விரோதிக்கும் வேண்டாம். இல்லை, விரோதிக்கு வேண்டும்.

ஒரு மணிக்கு எழுப்பினோம். உப்புப் போட்ட கஞ்சி, ஆளுக்கு இரண்டு வாழைப்பழம். பிரியாணி வாடை அடுப்படியிலிருந்து வந்தது. யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை.

7

இரண்டே முக்காலுக்கு வேன் மைதானத்தில் நுழைந்தது. பந்தல் போட்டு ஷேட் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பின்னால் லேப்டாப்போடு இர்ஃபான். வேன் கதவு திறந்தது. ஒவ்வொருவனாக இறங்கினான். ஷேட்டின் உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். ஏழாவது ஆள் இறங்கியதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். பதினோராவது ஆள் இறங்கியதும் திரும்பி இர்ஃபானைப் பார்த்தார். இர்ஃபான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை போல. எனக்காகவா, ஆட்டத்துக்காகவா, நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஆட்டம் அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே ஆடினார்கள். ஒரு கோலும் போடப் பார்க்கவில்லை. எதிரி ஜெயிக்காமல் இருந்தால் போதும், அதற்குத்தான் நான் ஆள் எடுத்திருக்கிறேன்: என்ன உடையும் என்று பார்க்கத் தெரிந்தவனின் அணி அது. சுக்ரா அவர்களின் விலை கூடின ஆளோடு நிழலைப் போல ஒட்டிக்கொண்டான். அவன் தண்ணீர் குடிக்கப் போனால் இவனும் போனான். குள்ளர்கள் இருவரும் நடுவில் பந்தைத் தங்களுக்குள்ளே வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்கவில்லை. நேரம் போனது. அதுதான் எங்களுக்கு வேண்டியது.

முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது சுக்ராவின் கையில் பந்து பட்டது. பெனால்டி.

என்னால் பார்க்க முடியவில்லை. வேனுக்குப் பின்னால் போய்த் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினேன். கோல் விழுந்தால் பந்தல் கத்தும். காத்திருந்தேன். விசில் கேட்டது. ஓடுகிற கால் சத்தம் கேட்டது. உதை கேட்டது.

பந்தலில் சத்தமே இல்லை.

நான் எட்டிப் பார்த்தபோது அவர்களின் ஆள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பந்து கோலுக்கு மேலே போய், ரோட்டில் ஒரு ரிக்‌ஷாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. என்ன செய்தாய் என்று செல்வத்திடம் பிறகு கேட்டேன்.

“நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. பெரிய கொட்டாவி வந்துது, விட்டேன். அவன் அதப் பாத்து மெரண்டுட்டான்.”

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஷேட்டின் கிளப் கீழே போனது. ஆட்டக் குறிப்பில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும். ஷேட்டின் மேனேஜர் எங்கோ போய்விட்டான், ஷேட்டே எழுந்து வந்தார். பேனா இல்லை. நான் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நன்றாகப் பார்த்தேன், அவசரப்படவில்லை. பேனாவை வாங்கி மூடியைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். அவருக்குத்தான் ஏதாவது பேச வேண்டியிருந்தது.

“சாச்சா, ராத்திரி ஷிஃப்ட்?” என்றார்.

“ஜீ,” என்றேன்.

வீட்டில் வேன் நிறைய ஆட்கள் பிரியாணியில் உட்கார்ந்தார்கள். ஜைனப் எனக்கு வைத்தபோது, “இப்பமாவது மனசு ஆறுனிச்சா?” என்று கேட்டாள். இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

8

நாலு வாரம் கழித்து இர்ஃபான் என்னிடம் வந்தான்.

“வாப்பா, ஷேட் உங்கள மீட் பண்ணணுமாம். திரும்பி வரச் சொல்றாரு. ரெக்ரூட்மென்ட் ஹெட். கேபின், கார்டு, எல்லாம். நீங்க சொல்றதுதான் ஃபைனலாம்.”

“நீ என்ன சொல்லுத?”

“நான் மெஸேஜ் மட்டும்தான்,” என்றான்.

“வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு ரஞ்சன்காவ் மனைக்கு வரச் சொல்லு. அன்னைக்கு மட்டும்தான் எனக்கு நேரம்.”

மூன்றாம் இடம் வந்தபின் எங்கள் வியாழக்கிழமைகள் மாறிவிட்டன. சாக்கன் தொழிற்பேட்டையிலிருந்துகூட ஆட்கள் பஸ் பிடித்து வருகிறார்கள், எங்களையும் பாருங்கள் என்று. கூட்டம் தாங்காமல், சந்தோஷ் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வரிசை வைக்கிறான். அந்த மனையில் நிழல் என்று இருப்பது ஒரு தண்ணீர்த் தொட்டியின் நிழல் மட்டும். வரிசை அதை ஒட்டித்தான் நிற்கும்.

ஷேட்டின் கார் இரண்டு மணிக்கே வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. இர்ஃபான் கூட வந்தான். நான் மைதானத்தின் அந்தக் கோடியில் புதுப் பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இர்ஃபான் என்னிடம் ஓடி வந்தான்.

“வாப்பா, ஸார் வெயிட்டிங்.”

“ஆட்டம் முடியட்டும். வெயிலா இருக்கு, நிழல்ல நிக்கச் சொல்லு.”

நிழலில் நின்றார். எனவே வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு ஒடிசாக்காரன், பின்னால் கையில் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு ஒரு விதர்பாக்காரன். சந்தோஷ் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தான். அவனுக்கு ஷேட்டைத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நான் அவனுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அல்லாஹ் மேல் சத்தியம் செய்ய என்னால் முடியாது. நானும் மெதுவாக அந்தப் பக்கம் நடந்து, காது கேட்கும் தூரத்தில் நின்றேன்.

“நாவ் காய்?” பெயர் என்ன.

ஷேட் கண்ணாடியைக் கழற்றினார். சுற்றிலும் பார்த்தார். முப்பது பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவர் யாரென்று தெரியாது. பெயரைச் சொன்னார். சந்தோஷ் எழுதினான்.

“கம்பெனி?”

சொன்னார். எழுதினான்.

“ஷிஃப்ட்?”

ஷேட் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னாலிருந்து இர்ஃபானின் குரல் வந்தது, சிரிப்பில்லாமல்.

“ஜெனரல்.”

பகல் ஆபீஸ் ஷிஃப்டுக்கு அதுதான் பெயர். சந்தோஷ் அதையும் எழுதினான். அடுத்த ஆளிடம் போனான். நான் என் மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது.

ஷேட் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அவருக்கு என்னிடம் வேலை இருந்தது, அடுத்த பருவத்துக்கு ஆள் வேண்டும், அந்த வெயிலில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்தான் அந்த ஆட்கள். மூன்று மணி நேரம் நின்றார். யாரோ ஒரு பையன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான், வாங்கிக் குடித்தார்.

ஐந்து மணிக்குச் சந்தோஷிடம் நான் பட்டியலைக் கொடுத்தேன். ஷேட்டையும் சேர்த்து வந்தவர்கள் முப்பத்தொரு பேர். எடுத்தது நான்கு பேர். பெயரை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தான். நான்காவது பெயர் வரைக்கும் ஷேட் நின்று கேட்டார். அவர் பெயர் அதில் இல்லை, அலமாரியிலிருக்கும் அறிக்கையில் எனக்கும் இனி வேலை இல்லை.